பூட்டிய தேவாலயத்துக்குள் வெளிச்சம்

கைவிடப்பட்ட கட்டடங்களைப் படம் எடுப்பது என் தொழில். ரொறன்ரோவில் ஒரு பழைய கட்டடத்தை இடிப்பதற்கோ மாற்றிக் கட்டுவதற்கோ முன், அது எப்படி இருந்தது என்று உள்ளும் புறமும் படமாகப் பதிந்து வைக்கவேண்டும். நான் வேலை செய்யும் சின்ன அலுவலகம் அதைத்தான் செய்துகொடுக்கிறது. பள்ளிக்கூடங்கள், தொழிற்சாலைகள், மூடிய திரையரங்குகள் என்று எத்தனையோ இடங்களுக்குள் நுழைந்து வந்திருக்கிறேன். தூசியும் புறா எச்சமும் எனக்குப் புதிதல்ல. இருட்டும் பழகியதுதான். ஆனால் ஒரு தை மாதத்தில், ஓர்தொடொக்ஸ் கிறிஸ்தவத் தேவாலயம் ஒன்றுக்குள் நான் கழித்த பிற்பகலைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. வீட்டில் கேட்டார்கள். பூட்டுப்பட்டுப் போனேன், பிறகு வந்து திறந்தார்கள் என்று சொல்லி முடித்துவிட்டேன்.

நகரத்தின் கிழக்குப் பாதியில், ஸ்ரீட்கார் என்ற ட்ராம் வண்டி ஓடும் தெருவோரம் நின்றது அந்தத் தேவாலயம். பால்கன் நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள் கட்டியது. பிள்ளைகள் வளர்ந்து புறநகர்களுக்குப் போக, பெற்றோரும் பின்னால் போக, பூசைக்கு ஆளில்லாமல் கடைசியில் கட்டடத்தை விற்றுவிட்டார்கள். மின்சாரமும் வெப்பமும் துண்டிக்கப்பட்டுச் சில குளிர்காலங்கள் கடந்திருந்தன. கீழ் ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் ஒட்டுப்பலகை அடித்திருந்தார்கள். மேலே, குவிமாடத்தைச் சுற்றியிருந்த சின்ன ஜன்னல்களும் வாசலுக்கு மேலிருந்த வட்டமான ஜன்னலும் மட்டும் திறந்த கண்களாக இருந்தன.

அன்று காலையிலிருந்தே கடுங்குளிர். மூச்சு விட்டால் கழுத்துச் சால்வையில் பனியாகப் படிந்தது. ஸ்காபரோவிலிருந்து பஸ்ஸும் ஸ்ரீட்காருமாக நான் வந்து சேர்ந்தபோது மதியம் திரும்பிவிட்டது. என்னோடு வேலை செய்பவர் விட்பியிலிருந்து ரெயிலில் வரவேண்டும். திருச்சிப் பக்கத்து இளைஞர், எஞ்சினியர். கட்டடத்தை அளப்பதும் வரைவதும் அவர் பொறுப்பு. விளக்குகள் வைத்த பையும் அவரிடம்தான் இருந்தது. பக்கக் கதவடியில் நின்று கால்களை மாற்றி மாற்றி உதறிக்கொண்டிருந்தேன். அப்போது அவரிடமிருந்து போன் வந்தது.

“அக்கா, ட்ரெயின் பாதியிலயே நின்னுடுச்சு. தண்டவாளத்துல ஏதோ உறைஞ்சு போச்சாம். எப்ப கெளம்பும்னு தெரியல. நீங்க எங்கயாச்சும் சூடா உக்காந்திருங்க, நான் வந்துடறேன்.”

“வெளிச்சம் போயிடும் தம்பி. உள்ளுக்குக் கரண்டும் இல்லை. நான் போய்த் தொடங்கிறன், நீர் அவசரப்படாம ஆறுதலா வாரும்.”

“தனியா போகக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்களேக்கா.”

“சொன்னவையள் வந்து இந்தக் குளிருக்குள்ள நிக்கட்டும்,” என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டுதான் பூட்டின் திறப்பை எடுத்தேன்.

பக்கக் கதவில் வெளிப்புறமாக ஒரு கொளுக்கியும் பெரிய பூட்டும் போட்டிருந்தார்கள். பூட்டைத் திறந்து, அதைக் கொளுக்கியிலேயே தொங்கவிட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

வெளியே இருந்ததைவிட உள்ளே குளிர் அதிகம். பல வருடக் குளிர் அங்கேயே தங்கி இறுகிப்போன மாதிரி அசைவில்லாமல் நின்றது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மேலேயிருந்து வெளிச்சம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. குவிமாடத்து ஜன்னல்களில் தென்மேற்குப் பக்கத்தவற்றினூடாக வெயில் சரிந்து, சாய்ந்த கற்றைகளாக எதிர்ச் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் மஞ்சளும் சிவப்பும் இருந்தன. அந்த நிறங்கள் சுவரின் நடு உயரத்தில் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்க, கீழே நான் நின்ற இடம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. கற்றைகளுக்குள் பொடிப்பொடியாக ஏதோ மினுங்கியது. தூசி என்று நினைத்தேன். தூசியில்லை, பனித்துகள். என் மூச்சே உறைந்து மிதந்துகொண்டிருந்தது.

ஆட்கள் இருக்கும் நீண்ட வாங்குகளை எல்லாம் எடுத்துப் போயிருந்தார்கள். அவை நின்ற தடங்கள் மட்டும் தரையில் வரிவரியாக இருந்தன. எதிரே, கூடத்தையும் பலிபீடத்தையும் பிரிக்கும் உயரமான மரத் தடுப்பு. அதில் மாட்டியிருந்த புனிதர் படங்களும் போய்விட்டன. படங்கள் இருந்த இடங்கள் வெளிர்ந்த சதுரங்களாகத் தெரிந்தன. தடுப்பின் நடுவில் செதுக்கு வேலை செய்த இரட்டைக் கதவு சாத்தியிருந்தது. சாம்பிராணி வாசம் இன்னும் மரத்தில் ஊறியிருந்தது.

சுவர்ச் சித்திரங்களை மட்டும் யாரும் கொண்டுபோக முடியவில்லை. ஆனால் அவையும் கண்ணுக்குத் தெரியவில்லை. சுவர் முழுவதும் உறைபனி வெள்ளையாகப் படிந்து ஓவியங்களை மூடியிருந்தது. முக்காலியை விரித்துக் கமராவைப் பூட்டிக்கொண்டிருந்தபோதுதான் அதைக் கவனித்தேன். வெயில் பட்ட இடத்தில் பனி இளகி, அந்தத் திட்டுக்குள் ஒரு முகம் மட்டும் வெளியே வந்தது. நீண்ட மூக்கு, பெரிய கரிய கண்கள், தாடி. உடம்பு இல்லை. அடுத்த திட்டில் ஒரு பெண்முகம். நான் படம் எடுத்து முடித்து நிமிர்ந்தபோது வெயில் ஒரு சாண் நகர்ந்திருந்தது. தாடிக்காரரின் ஒரு கண் மறுபடி மங்கத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் இன்னொருவர் நெற்றியிலிருந்து கீழ்நோக்கி வெளிப்பட்டுக்கொண்டிருந்தார்.

இது குளிரும் வெயிலும் செய்யும் வேலை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறை கமராவிலிருந்து கண்ணை எடுக்கும்போதும் வேறு யாரோ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்ச நேரத்தில் சுவருக்கு முதுகு காட்டாமல் வேலை செய்யத் தொடங்கிவிட்டேன்.

வெயில் இன்னும் சரிந்தது. வாசலுக்கு மேலிருந்த வட்ட ஜன்னலாலும் கற்றை ஒன்று வந்து தரையைத் தொட்டு, அதில் படிந்திருந்த பனிப்பொடியைப் பக்கவாட்டில் காட்டியது. அப்போதுதான் காலடிகளைக் கண்டேன்.

என்னுடைய சப்பாத்துத் தடங்கள் பக்கக் கதவிலிருந்து வந்தன. இவை வேறு. கீழ்த்தளத்துக்குப் போகும் படிக்கட்டின் வாயிலிலிருந்து புறப்பட்டு, கூடத்தைக் குறுக்கே கடந்து, மரத் தடுப்பின் ஓரத்துச் சிறு கதவுக்குப் போயின. ஒரு கால் செருப்பு. மற்றக் கால் வெறுங்கால். குதியும் விரல்களும் தனித்தனியே பதிந்திருந்தன. ஐந்து விரல்களையும் என்னால் பார்க்க முடிந்தது. போன தடங்கள் இருந்தனவே தவிர, திரும்பி வந்த தடம் ஒன்றுமில்லை.

 ‘பழைய தடமாயிருக்கும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் என் தடத்தைப் போலவே அதன் விளிம்புகளும் புதிதாக இருந்தன. கமராவைக் கழற்றாமல், முக்காலியோடு அப்படியே தூக்கிக்கொண்டு, தடுப்பைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தேன். கதவுக்கு இன்னும் சில அடிதான் இருந்திருக்கும்.

வெளியே ஒரு வாகனம் நிற்கும் சத்தம் கேட்டது. பனியில் யாரோ நடந்து வந்தார்கள். தம்பிதான் வந்துவிட்டார் என்று நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. கதவில் ஏதோ உரசியது. பிறகு ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம்.

விளங்க ஒரு கணம் எடுத்தது. கட்டடத்தைக் கண்காணிக்கும் காவல்காரர் தன் சுற்றில் வந்திருக்கிறார். பூட்டு திறந்தபடி தொங்குவதைக் கண்டு, யாரோ பூட்ட மறந்துவிட்டார்கள் என்று அதை அழுத்திப் பூட்டிவிட்டுப் போகிறார்.

“நில்லுங்கோ! உள்ள ஆள் நிக்குது!” என்று தமிழில் கத்தினேன். பிறகு ஆங்கிலத்தில் கத்தினேன். கதவில் இரண்டு கைகளாலும் அடித்தேன். தடித்த கையுறைக்குள்ளிருந்து வந்த அடி எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வாகனம் புறப்பட்டுப் போய்விட்டது.

போனை எடுத்தேன். குளிர் பற்றரியைத் தின்றிருந்தது. தம்பியின் இலக்கத்தைத் தொட்டதும் திரை ஒருமுறை வெளிச்சம் காட்டிவிட்டு அணைந்தது. கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்கிப் பார்த்தேன். அது உயிர்க்கவேயில்லை.

நான் கத்தியது கட்டடம் முழுவதும் சுற்றிவிட்டு அடங்கியது. அடங்கிய பிறகுதான் இன்னொன்று தோன்றியது. தடுப்புக்கு அந்தப் பக்கம் யார் இருந்தாலும், நான் இங்கே தனியாக இருப்பதும் வெளியே போக முடியாமல் இருப்பதும் இப்போது அவருக்குத் தெரியும்.

கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். முக்காலியின் கால்களைச் சேர்த்துப் அடிக்க ஒரு பொல்லு மாதிரிப் பிடித்தேன். வெயில் கற்றைகள் தரையை விட்டுவிட்டு இப்போது சுவரில் மேலே ஏறிக்கொண்டிருந்தன. கீழே சாம்பல் நிறம் நீலமாக மாறியது. முகங்கள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் போயின. கீழ்த்தளப் படிக்கட்டின் பக்கம் பார்த்தேன். அந்தத் தடங்கள் அங்கிருந்து வந்ததால் அங்கே ஒரு வழி இருக்கத்தான் வேண்டும். மெல்ல நடந்துபோய் முதல் படியில் நின்று குனிந்து பார்த்தேன். நாலைந்து படிக்குக் கீழே ஒன்றுமே இல்லை, கறுப்பு மட்டும்தான். அதற்குள்ளிருந்து ஈரமான குளிர் முகத்தில் அடித்தது. என் கால் இறங்க மறுத்துவிட்டது.

திரும்பியபோது மரத் தடுப்பு ஒளிர்ந்துகொண்டிருந்தது.

செதுக்கு வேலையின் ஒவ்வொரு இடுக்காலும் மஞ்சள் வெளிச்சம் வந்தது. கொடிகளும் திராட்சைக் குலைகளும் கறுப்பாக நிற்க, அவற்றின் பின்னால் ஒளி அசைந்தது. தீக்குச்சி கருகிய மணம் என் மூக்குக்கு வந்தது. பிறகு ஒரு இருமல். இரட்டைக் கதவு நடுவால் திறந்தது.

ஒரு கிழவர் வெளியே வந்தார். ஒரு கையில் எரியும் மெழுகுதிரி, மற்றக் கையில் எரியாத திரிகளின் கட்டு ஒன்று. கோடு போட்ட இரவு உடுப்பு, அதற்கு மேல் பொத்தான் மாறிப் போட்ட கம்பளிச் சட்டை. கீழேயிருந்து வந்த வெளிச்சத்தில் முகத்தின் பள்ளங்களெல்லாம் கறுத்திருந்தன. சுவரிலிருந்த ஒருவர் இறங்கி வருகிறார் என்று என் புத்தி சொல்லியது. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அதை மறைக்க இப்போது எனக்கு விருப்பமில்லை.

அவர் என்னைக் கண்டதும் நின்றார். பிறகு கோபமாக ஏதோ சொன்னார். எனக்குத் தெரியாத மொழி. சொல்லிக்கொண்டே என்னை நோக்கி வந்தார்.

“கிட்ட வராதேங்கோ,” என்றேன். முக்காலியை உயர்த்தினேன். “சொல்லிப்போட்டன், கிட்ட வராதேங்கோ!”

அவருக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கிட்ட வந்து, முக்காலியைக் கையால் ஒதுக்கிவிட்டு, என் கையைப் பிடித்து அதற்குள் ஒரு மெழுகுதிரியைத் திணித்தார். கையுறையைத் தாண்டி அவர் விரல்களின் குளிர் தெரிந்தது. உயிருள்ள ஒருவரின் கை அவ்வளவு குளிராக இருந்து நான் கண்டதில்லை. அவருடைய மணிக்கட்டில் பிளாஸ்டிக் பட்டி ஒன்று இருந்தது, ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லங்களிலும் கட்டிவிடுவார்களே, அது. அப்போதுதான் குனிந்து காலைப் பார்த்தேன். வெறுங்கால் மெழுகு மாதிரி வெளுத்து, விரல் நுனிகளில் நீலம் பாய்ந்திருந்தது. அந்தக் காலை அவர் மரக்கட்டையை வைப்பதுபோல வைத்து நடந்திருக்கிறார்.

எனக்கிருந்த பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அது இடம் மாறியது. இவ்வளவு நேரமும் இவர் என்னை என்ன செய்வாரோ என்று பயந்தவள், இவர் என் கண்முன்னாலேயே செத்துப்போவாரோ என்று பயப்படத் தொடங்கினேன்.

“ஐயா, வாங்கோ. இதிலை இருங்கோ. பயப்பிடாதேங்கோ,” என்றேன். ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன், அதுவும் அவருக்கு எட்டவில்லை. பிறகு தமிழிலேயே பேசினேன். எந்த மொழியானாலும் அவருக்கு ஒன்றுதான், எனக்குத் தமிழில் பேசினால் குரல் நடுங்கவில்லை.

சுவரோரம் பாடுபவர்கள் இருக்கும் தாழ்வான மரமேடை ஒன்று இருந்தது. கமராப் பையை விரித்து அவரை அதில் இருத்தினேன். என் ஜக்கெற்றைக் கழற்றி அவருக்குப் போட்டேன். சால்வையை அவருடைய காலில் சுற்றினேன். கையுறைகளில் ஒன்றைக் கால்விரல்களுக்கு மேல் இழுத்துவிட்டேன். அவர் குழந்தை மாதிரிக் காலை நீட்டிக்கொண்டிருந்தார். ஜக்கெற் இல்லாமல் நின்றபோது குளிர் என் சுவெற்றரை ஒன்றுமில்லாத துணியாக்கியது. பற்கள் தாமாக அடித்துக்கொண்டன.

குவிமாடத்துக்குள் கடைசி வெயில் ஏறியது. அவ்வளவு நேரமும் இருட்டாக இருந்த உச்சியில், பிரமாண்டமான ஒரு யேசுநாதர் சிவந்த வெளிச்சத்தில் தெரிந்தார். ஆசீர்வதிக்கும் கை, மறு கையில் புத்தகம். ஈரம் ஊறி வாய்ப் பகுதி உதிர்ந்துபோயிருந்தது. சிவப்பு ஆரஞ்சாகி, ஆரஞ்சு சாம்பலாகி, சில நிமிடங்களுக்குள் அவரும் இல்லாமல் போனார். எரிந்துகொண்டிருந்த திரி ஒன்றைத் தவிர அந்தப் பெரிய கட்டடத்துக்குள் வேறு வெளிச்சம் இல்லை.

கிழவர் எழும்பப் பார்த்தார். அவருடைய மூச்சு மாறிவிட்டது. இருட்டைக் காட்டி எதையோ திரும்பத் திரும்பச் சொன்னார், என் சுவெற்றர்க் கையைப் பிடித்து இழுத்தார். தடுப்பின் முன்னால் மணல் நிரப்பிய பித்தளைத் தட்டு ஒன்று நின்றது, விசுவாசிகள் திரி குத்துவதற்கு. அதில் கொண்டுபோய்த் திரிகளைக் குத்தினார். கை நடுங்கியதால் கொளுத்த முடியவில்லை. தீக்குச்சிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. காய்ந்த மரமும் பழைய திரைச்சீலையும் எங்களைச் சுற்றிக் கிடந்தன. தீப்பிடித்தால் ஓட இடமில்லை.

“வேண்டாம் ஐயா, நூருங்கோ,” என்று தீப்பெட்டியைப் பறித்தேன்.

அப்படிச் சொன்னபோது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. ‘விளக்கை நூர்!’ சின்ன வயதில், யாழ்ப்பாணத்தில், வானத்தில் இரைச்சல் கேட்டவுடனே விளக்கை அணைக்கச் சொல்லி வீட்டில் எல்லோரும் சொன்ன சொல் அது. ஒரு குப்பி விளக்கின் வெளிச்சம் கதவு இடுக்கால் வெளியே போனாலும் குண்டு வந்து விழும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். ரொறன்ரோவுக்கு வந்து பாதி ஆயுள் போய்விட்டது. இப்போதும் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் என் கை சுவிட்சைத் தேடும். வெளிச்சம் வெளியே தெரிந்தால் ஆபத்து என்பது என் எலும்பில் எழுதியிருந்தது.

அந்த நினைவிலேதான் எனக்கு வழி தெரிந்தது. வெளியே தெரிவதுதானே இப்போது வேண்டும்! இருட்டிக்கொண்டு வருகிறது. வருடக்கணக்காகப் பாழாய்க் கிடக்கும் தேவாலயத்தின் ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தால், தெருவில் போகும் யாராவது ஒருவர் நின்று பார்க்கமாட்டாரா?

கீழ் ஜன்னல்களெல்லாம் பலகை. மிஞ்சியது வாசலுக்கு மேலிருந்த வட்ட ஜன்னல். அதற்கு, உள்ளே அதனடியில் கட்டியிருந்த பாடகர் மாடத்தின் வழியாகத்தான் போகவேண்டும். நான் புறப்பட, கிழவர் என்னை விடவில்லை. அவரைத் தட்டடியில் இருத்தி, மணலில் மூன்று திரிகளைக் கொளுத்தி வைத்தேன். அவர் அவற்றையே பார்த்துக்கொண்டு அமைதியானார். இன்னொரு திரியைக் கொளுத்திப் பிடித்து, மிச்சத்தையும் தீப்பெட்டியையும் அள்ளிக்கொண்டு போனேன்.

மாடத்துக்குப் போகும் படிகள் ஒடுக்கமானவை, சுவரோடு வளைந்து ஏறின. மரம் இற்றுப்போயிருந்தது. ஓரத்தில் கால் வைத்து ஏறினேன். ஓரிடத்தில் படி நொறுங்கி, முழங்கால் வரை கால் உள்ளே போயிற்று. திரி கையிலிருந்து விழுந்து அணைந்தது. அந்த இருட்டில், காலை உருவ முடியாமல், கீழே கிழவர் ஏதோ ராகமாக முணுமுணுப்பதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். வாழ்க்கையில் அதைவிட நீளமான நேரம் எனக்கு நினைவில்லை. கால்சட்டை கிழிந்து கால் வெளியே வந்தது. மிச்சப் படிகளைத் தவழ்ந்து கடந்தேன்.

ஜன்னலின் விளிம்பு அகலமாக இருந்தது. உருகிய மெழுகைச் சொட்டி, அதில் திரிகளை நட்டேன். ஒவ்வொன்றாகக் கொளுத்தக் கொளுத்த, கண்ணாடியின் நிறங்கள் என் கைகளில் விழுந்தன. கண்ணாடிக்கு வெளியே தெருவிளக்குகள் மங்கலாகத் தெரிந்தன. ஒரு ஸ்ரீட்கார் போனது. அது நிற்கவில்லை. வெளிச்சத்துக்கு முன்னால் நின்று, என் நிழல் அசையும்படி கைகளை ஆட்டினேன். உடம்பு முழுதும் பதுங்கு பதுங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் பதுங்காமல் நின்றேன்.

கீழே முணுமுணுப்பு நின்றுபோயிற்று.

“ஐயா! ஐயா, கேக்குதோ?”

 விழுந்தெழும்பி இறங்கினேன். அவர் சாய்ந்து கிடந்தார், நடுக்கம்கூட நின்றிருந்தது. குளிரில் விறைத்தவருக்கு நடுக்கம் நிற்பது நல்லதற்கல்ல என்று வேலைப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அவரை இழுத்து என் நெஞ்சோடு அணைத்து, ஜக்கெற்றுக்குள் இருவரும் அடங்கும்படி சுற்றிக்கொண்டேன். முகத்தில் தட்டினேன். பெயர் தெரியாத ஒருவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது? “நித்திரை கொள்ளாதேங்கோ, ஐயா, நித்திரை கொள்ளாதேங்கோ” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவருடைய மூச்சு என் கழுத்தில் வரும், பிறகு நெடுநேரம் வராது. வராத ஒவ்வொரு முறையும் நான் என் மூச்சையும் நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

பக்கக் கதவு அதிர்ந்தது.

“அக்கா! அக்கா, உள்ள இருக்கீங்களா?”

“ஓம்! ஓம் தம்பி! பூட்டிப்போட்டுப் போயிட்டாங்கள்! ஒரு வயசான ஐயாவும் இருக்கிறார், சாகப்போறார், கெதியா ஆக்களைக் கூப்பிடும்!”

“ஆம்புலன்ஸ் கூப்பிட்டாச்சு. ஃபயர் ட்ரக்கும் வருது. அங்கயே இருங்க. பேசிக்கிட்டே இருங்கக்கா, நான் இங்கயேதான் நிக்கறேன்.”

அவர் எப்போதோ வந்திருக்கிறார். பூட்டைப் பார்த்துவிட்டு, என் போனும் எடுக்காததால் நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டேன் என்று நினைத்திருக்கிறார். ஆனாலும் மனம் கேளாமல், தெருவுக்கு எதிர்ப்பக்கத்துக் கோப்பிக் கடையில் இருந்து திரும்பத் திரும்ப எனக்குப் போன் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். கடைக்காரப் பெண்தான் ஜன்னலைக் காட்டி, “அங்கே பார், யாரோ பூசை வைக்கிறார்கள்” என்றாளாம்.

தீயணைப்புப் படையினர் பூட்டை வெட்டினார்கள். அவர்களுடைய விளக்குகள் உள்ளே பாய்ந்தபோது கண்ணே கூசிவிட்டது. அந்த வெள்ளை வெளிச்சத்தில் தேவாலயம் ஒரு பழைய மண்டபமாக, குப்பையும் உதிர்ந்த சுண்ணாம்புமாகத் தெரிந்தது. கிழவரை என் கைகளிலிருந்து பிரிக்கச் சிரமப்பட்டார்கள். நான்தான் விடவில்லை என்று தம்பி பிறகு சொன்னார். கீழ்த்தளத்தின் பின்கதவு துருப்பிடித்து விலகியிருந்ததையும், கிழவர் அதைத் தள்ளித்தான் வந்தார் என்பதையும் கண்டுபிடித்தார்கள். “அதால நானும் வெளியில போயிருக்கலாம்” என்றேன். அங்கே குழாய் வெடித்துத் தரை முழுவதும் கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கிறது, அந்த இருட்டில் இறங்கியிருந்தால் கழுத்து முறிந்திருக்கும் என்றார் ஒரு தீயணைப்பு வீரர். கிழவர் எப்படித்தான் அதைக் கடந்து வந்தாரோ யாருக்கும் தெரியவில்லை.

கிழவர் பிழைத்தார். கால்விரல்கள் இரண்டை எடுக்கவேண்டி வந்தது. நினைவு தவறிக்கொண்டுவரும் நோய். சில தெருக்கள் தள்ளியிருந்த முதியோர் இல்லத்திலிருந்து யாரும் காணாத நேரத்தில் வெளியேறியிருக்கிறார். அவருடைய மகள் பொலிஸிடம் சொல்லி என்னைத் தேடிப் பிடித்தாள். அப்பா அந்தத் தேவாலயத்தில் நெடுங்காலம் பாடியவர் என்றாள். அவரைப் பார்க்க வரமுடியுமா என்றும் கேட்டாள்.

ஒரு மாதம் கழித்து, வேலை முடிந்து ஒரு பின்னேரம் போனேன். அவர் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். என்னைக் கண்டதும் முகம் மாறியது. நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு பின்வாங்கப் பார்த்தார். நான் ஒரு அடி முன்னால் வைக்க, உயர்ந்த குரலில் எதையோ சொல்லி, கையை முகத்துக்கு முன்னால் தூக்கினார். தாதி ஒருத்தி ஓடிவந்தாள். நான் கொண்டுபோன தோடம்பழப் பையோடு கதவுக்கு வெளியே வந்துவிட்டேன். 

மகள் பின்னாலேயே வந்தாள்.

“தப்பாக நினைக்க வேண்டாம்,” என்றாள் ஆங்கிலத்தில். “உங்களைக் கண்டு இல்லை. வெளிச்சம் குறையத் தொடங்கினால் அவருக்கு எல்லாரும் பயம்தான். என்னையும் அடிக்க வருவார். இருட்டுக்குள் விட்டுவிட்டுப் போகப்போகிறோம் என்று நினைக்கிறார். விளக்கைப் போடுங்கள், விளக்கைப் போடுங்கள் என்று அதையே சொல்லிக்கொண்டிருப்பார்.”

அவர் அன்று என் சுவெற்றரைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்ன சொல் ஓரளவு என் காதில் தங்கியிருந்தது. அதை எனக்கு வந்தபடி சொல்லிக் காட்டினேன். மகள் தலையாட்டினாள். “அதுதான்,” என்றாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள். அந்தத் தேவாலயத்துக்குள் நான் ஒருத்திதான் பயந்து நடுங்கினேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

“காலையில் வாருங்கள்,” என்றாள் அவள். “காலையில் அவர் வேறு ஆள்.”

அடுத்த சனிக்கிழமை காலையில் போனேன். அறைக்குள் நல்ல வெயில். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மகளிடம் ஏதோ கேட்டார். “பாட வந்திருக்கிறாளா என்று கேட்கிறார்,” என்றாள் மகள். இல்லை என்று நான் சிரித்துத் தலையாட்டினேன். அவருக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது போல. ஆனாலும் நான் உரித்துக் கொடுத்த தோடம்பழச் சுளைகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சாப்பிட்டார். கடைசிச் சுளையைத் தானே எடுத்து என் பக்கம் நீட்டினார்.